சுட்ட மண் இருக்கையில் அமர்ந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

சுட்ட மண்ணில் கையால் செய்த நாற்காலி, முக்காலி, பெஞ்சு எதையாவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள். அமர்ந்து பார்த்திருந்தால் இன்னும் நல்லது. நானே தொடங்குகிறேன்.

அம்மாவை பார்சிலோனாவுக்கு அழைத்துப் போயிருந்தேன். குவெல் பூங்காவின் மேல் திடலைச் சுற்றி ஒரே பெஞ்சு, நூறு மீட்டருக்கு மேல் நீளம், நெளிந்து நெளிந்து ஓடுகிறது. கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதியின் கட்டுமானம். அதன் மேல் உடைந்த ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் பதித்த வேலையில் பெரும் பங்கு அவருடன் பணியாற்றிய ஜுசெப் மரியா ஜுஜோலுடையது. வளைவான பரப்பில் முழு ஓடு படியாது, உடைத்தால்தான் படியும். உடைந்ததைப் பொறுக்கி இப்படி ஒட்டும் முறைக்குக் கத்தலான் மொழியில் திரென்கதீஸ் என்று பெயர்.

படங்களில் பார்த்தபோது எனக்கு நிறங்கள் மட்டுமே தெரிந்திருந்தன. அமர்ந்த பிறகுதான் முதுகுக்கு விஷயம் புரிந்தது. இடுப்புக்குச் சற்று மேலே மெல்லிய புடைப்பு ஒன்று தாங்குகிறது. அம்மாவுக்குப் பல ஆண்டுகளாக முதுகுவலி. “நம் வீட்டுத் திண்ணைச் சாய்மானம் மாதிரி இருக்கிறது” என்றவர் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பெஞ்சு உள்ளே வளையும் இடங்களில் நாலைந்து பேர் முகம் பார்த்துப் பேசலாம். வெளியே வளையும் இடத்தில் தனியாக அமரலாம். அம்மா உள்வளைவில் அமர்ந்து, மொழி தெரியாத ஒரு மூதாட்டியுடன் சிரித்துக்கொண்டிருந்தார்.

செல்வந்தர்களுக்கு வீட்டு மனைகளாக விற்கவே அந்த இடத்தைத் திட்டமிட்டார்கள். மனைகள் சரியாக விற்கவில்லை, 1914இல் வேலை நின்றது, 1926இல் பொதுப் பூங்காவானது. விற்றிருந்தால் அம்மா அங்கே அமர்ந்திருக்க முடியுமா?

பதில் 1

அக்கா, உங்கள் அம்மா சொன்ன திண்ணை உவமையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் புதுச்சேரியில் மண்வேலை கற்றவன். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய ஊர் என்பதால், கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்கும் இடம் அது.

மூன்று கால் வைத்த ஒரு முக்காலி செய்ய ஆசைப்பட்டேன். மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி எழுப்பினேன். காலைக் கெட்டியாகச் செய்தால் வலு என்று நினைத்தது என் தவறு. மண் காயும்போதும் சூளையிலும் சுருங்கும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கெட்டியான காலுக்குள் ஈரம் தங்கிவிட்டது. சூடு ஏறியதும் நீராவி வெளியேற வழியில்லாமல் இரண்டு கால்கள் வெடித்துச் சிதறின. பக்கத்தில் இருந்த வேறொருவரின் கிண்ணங்களும் உடைந்தன. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வழி சொன்னவர் ஐயனார் கோயில் குதிரை செய்யும் ஒரு வேளார். காலைக் குழாய் போல உள்ளே வெற்றாக விடச் சொன்னார். மண்ணில் மணலும் உமியும் சேர்க்கச் சொன்னார். உமி எரிந்துபோன இடம் நுண்துளையாகிவிடும், ஆவி வெளியேறும். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் குதிரையே வெற்றுக் கால்களில்தான் நிற்கிறது! அடுத்த முறை பாதங்களுக்குக் கீழே மணல் பரப்பி வைத்தேன், சுருங்கும்போது கால் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் நழுவ வேண்டுமே என்று. மூன்று வாரம் நிழலில் உலர விட்டேன். அது இன்று என் வாசலில் இருக்கிறது. ஒரு கால் சற்றுக் கோணல்தான். ஆனாலும் என் அப்பா தினமும் அதில் அமர்ந்துதான் பேப்பர் படிக்கிறார்.

பதில் 2

நான் பினாங்கில் வளர்ந்தவள். சீனப் பள்ளித் தோழியின் ஆ மா (பாட்டி) வீட்டு நடுமுற்றத்தில் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பீங்கான் முக்காலிகள் இருந்தன, மத்தளத்தை நிமிர்த்தி வைத்தது போல. மேலும் கீழும் வரிசையாகப் பொட்டுப் பொட்டான குமிழ்கள். மரப்பறையில் தோலை இறுக்கும் ஆணித்தலைகளைச் சீனக் குயவர்கள் அப்படியே பீங்கானில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பின்னாளில் அறிந்தேன். பூத்தையல் போட்ட பட்டுத் துணி விரித்து அமரும் பழக்கத்தால் அதைப் பூத்தையல் இருக்கை என்றும் அழைப்பார்களாம்.

பக்கவாட்டில் காசு வடிவத் துளை உண்டு. தூக்குவதற்குக் கைப்பிடி அதுதான். மதிய வெயிலில் அந்த முக்காலி மட்டும் சில்லென்று இருக்கும். இருவரும் அதில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவோம். ஆ மா போன பிறகு வீட்டை விற்றார்கள். ஒரு முக்காலியைத் தோழி எனக்குக் கொடுத்துவிட்டாள்.

பதில் 3 (முக்காலி செய்தவன்)

பினாங்கு அக்கா, ஒரு வேண்டுகோள். அந்தத் துளை வழியாக விரலை விட்டுச் சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? உள்ளே நடுவில் இரண்டு பாதிகளை ஒட்டிய தழும்பு தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பாருங்கள். அடுத்த சூளைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.