எக்ஸி ஃபைல் எதுவும் திறக்கவில்லை. ரெஜிஸ்ட்ரி முழுவதற்கும் அனுமதி கொடுத்துவிடலாமா?

தட்டச்சுக்கடை:
வணக்கம். கடையில் இருக்கும் விண்டோஸ் 10 கணினியில் நேற்று ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டினேன். இரண்டு ஃபைல்களைப் பிடித்து நீக்கியது. ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து எந்த எக்ஸி ஃபைலை (புரோகிராமை ஓட்டும் ஃபைல்) டபுள் கிளிக் செய்தாலும் "எதைக் கொண்டு திறக்க வேண்டும்?" என்று கேட்கிறது. குரோம், டாலி, எல்லாமே இப்படித்தான். பிடிஎஃப் வேறு சில நாளாகவே வேர்டில் திறக்கிறது. ஒரு வீடியோவைப் பார்த்து, கமாண்ட் பிராம்ப்ட்டுடன் கூடிய சேஃப் மோடில் போய், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் எடிட்டரைத் திறந்தேன். பிடிஎஃப்பை எந்தப் புரோகிராம் திறக்க வேண்டும் என்ற என் தேர்வு பதிந்திருக்கும் யூசர்சாய்ஸ் கீயில் (ரெஜிஸ்ட்ரிக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர் மாதிரி) மதிப்பை மாற்றப் போனால், எழுத முடியாது என்று எரர் வருகிறது. நண்பர் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் .bat ஃபைல்) அனுப்பியிருக்கிறார். ரெஜிஸ்ட்ரி முழுவதற்கும் எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிடுமாம். ஓட்டலாமா? ஃபார்மட் மட்டும் வேண்டாம். ஆதார் வேலைக்கான கைரேகைக் கருவியை இயக்கும் டிரைவரின் சிடி என்னிடம் இல்லை.

பழையவிண்டோஸ்:
தாராளமாக ஓட்டுங்கள். அனுமதி கெட்டுப்போனதால்தான் எழுத விடவில்லை. எக்ஸ்பி காலத்தில் சப்இனாசில் என்ற அனுமதி மாற்றும் கருவியை வைத்து இதே வேலையை எத்தனையோ கணினிகளில் செய்திருக்கிறேன். ஒன்றுகூடப் படுக்கவில்லை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வேர்காண்:
தயவுசெய்து ஓட்டாதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. அதில் பிடிஎஃப் விஷயம் கோளாறே கிடையாது.

முதலில் பிடிஎஃப். யூசர்சாய்ஸ் கீயில் உங்கள் பெயருக்கே "மதிப்பை எழுதக்கூடாது" என்று ஒரு தடை வைத்திருப்பது மைக்ரோசாஃப்ட்தான். விண்டோஸ் 8 முதல் அதில் ஹாஷ் என்று ஒரு சரிபார்ப்பு மதிப்பும் உண்டு. தடையை நீக்கி நீங்கள் கையால் எழுதினாலும், ஹாஷ் பொருந்தாவிட்டால் விண்டோஸ் அதை ஏற்காது. கண்ட புரோகிராமும் உங்களைக் கேட்காமல் தன்னை டிஃபால்ட்டாக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்கான பூட்டு அது. 2024 முதல் பிடிஎஃப்புக்கும் இணைய இணைப்புகளுக்கும் விண்டோஸின் அடித்தளத்தில் ஓடும் ஒரு டிரைவரே தனியாகக் காவலுக்கு வந்துவிட்டது. செட்டிங்ஸில் டிஃபால்ட் ஆப்ஸ் போய் மாற்றுங்கள். வேலை அவ்வளவுதான்.

எக்ஸி விஷயம் வேறு. எந்த வகை ஃபைலை எப்படித் திறப்பது என்ற விவரம் எடிட்டரில் கிளாஸஸ் ரூட் என்று தெரியும், அது தனிக் கிளை இல்லை. கணினிக்குப் பொதுவான கிளாஸஸையும் உங்கள் யூசருக்கான கிளாஸஸையும் சேர்த்துக் காட்டும் ஒரு காட்சி. இரண்டிலும் ஒரே கீ இருந்தால் யூசருடையதுதான் செல்லும். பொதுக் கிளையில் எக்ஸிக்கான திறப்புக் கட்டளை இவ்வளவுதான்:

"%1" %*

முதல் பாதி நீங்கள் கிளிக் செய்த ஃபைல், பின்பாதி அதனுடன் வரும் மற்றவை. வைரஸ் என்ன செய்யும் என்றால், யூசர் கிளையில் புதிதாக ஒரு எக்ஸி கீ போட்டு, இந்தக் கட்டளைக்கு முன்னால் தன் பாதையைச் சேர்த்துவிடும். நீங்கள் எதைத் திறந்தாலும் முதலில் அது ஓடும். ஆன்டிவைரஸ் வைரஸ் ஃபைலை அழித்துவிட்டு இந்த வரியை மட்டும் விட்டுவைத்தால், இல்லாத ஃபைலை விண்டோஸ் தேடிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். உறுதி செய்ய வேறொரு யூசர் அக்கவுண்டில் நுழைந்து பாருங்கள். அங்கே எக்ஸி திறந்தால் பொதுக் கிளை நன்றாக இருக்கிறது என்று பொருள்.

பழையவிண்டோஸ்:
சரி, பிடிஎஃப் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அனுமதியைத் திறந்துவிட்டால் என்ன நஷ்டம்? வீட்டுக்காரருக்குத்தானே கொடுக்கிறோம்.

வேர்காண்:
எக்ஸ்பியில் நீங்கள் செய்தது அன்றைக்குச் சரியாக இருந்திருக்கலாம். விஸ்டாவில், விண்டோஸின் முக்கியமான ஃபைல்களையும் கீகளையும் தன் பொறுப்பில் வைத்திருக்கும் டிரஸ்டட் இன்ஸ்டாலர் வந்தது. விண்டோஸ் 8-ல் ஸ்டோர் ஆப்களுக்கென்று "ஆல் அப்ளிகேஷன் பேக்கேஜஸ்" என்ற தனிக் குழு வந்தது. பழைய ஸ்கிரிப்ட்டுக்கு இந்தக் குழுவைத் தெரியாது. அது அனுமதிப் பட்டியலை மாற்றி எழுதும்போது இந்தப் பெயர் விடுபட்டுப் போனால் ஸ்டோர் ஆப்கள் திறக்காது, ஸ்டார்ட் மெனுவும் சேர்ந்து படுத்துவிடலாம். அப்புறம் எந்தக் கீக்கு முன்பு என்ன அனுமதி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? விண்டோஸின் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேனும் அதைத் திருப்பித் தராது. ரெஜிஸ்ட்ரியின் தானியங்கி பேக்கப்பை நம்பலாம் என்றால், விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். ரெக்பேக் ஃபோல்டரில் ஃபைல் இருக்கும், அளவு 0 கேபி.

பட்டறை:
இரண்டு பேரும் ரெஜிஸ்ட்ரியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். அந்தக் கணினியில் வைரஸ் ஓடியிருக்கிறது. என்னென்ன செய்துவிட்டுப் போனது என்று வேர்காண் சொல்ல முடியுமா? ஒரு கீயை அழித்ததும் எல்லாம் திறக்கும், கடைக்காரரும் நிம்மதியாகிவிடுவார். அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். சுத்தமாக ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் முறை.

வேர்காண்:
உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஃபைல் திறப்பதும் கணினியை நம்புவதும் வேறு வேறு கேள்விகள். டேட்டாவை வெளியே எடுக்கவாவது கணினி ஓட வேண்டுமே. முதல் கேள்விக்கு முதலில் பதில் தேடுவோம்.

தட்டச்சுக்கடை, மறுபடி அதே சேஃப் மோடுக்குப் போங்கள். கருப்புத் திரையில் பெயரை டைப் செய்து ஓட்டும் எக்ஸிக்கு இந்தத் திறப்புக் கட்டளை தேவையில்லை, விண்டோஸ் நேராக ஓட்டிவிடும். அதனால்தான் உங்களால் எடிட்டரைத் திறக்க முடிந்தது. கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், கிளாஸஸ் என்று இறங்கி, புள்ளியோடு தொடங்கும் எக்ஸி கீ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் எக்ஸ்போர்ட், அப்புறம்தான் டெலீட். பொதுக் கிளையில் கை வைக்க வேண்டாம்.

தட்டச்சுக்கடை:
செய்துவிட்டேன் சார். இன்னொரு அக்கவுண்டில் எல்லாம் திறந்தது. என் அக்கவுண்டின் கிளாஸஸில் எக்ஸி கீ இருந்தது. டிஃபால்ட் மதிப்பில் அர்த்தமில்லாத மூன்றெழுத்துப் பெயர். அதே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு கீ. அதன் கட்டளையில் டெம்ப் ஃபோல்டரில் இருக்கும் ஒரு ஃபைலின் பாதை, அதற்கு அடுத்துத்தான் "%1" %*. பார்த்ததும் கை நடுங்கியது. இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்து அழித்தேன். குரோம், டாலி எல்லாம் திறக்கின்றன. பிடிஎஃப்பை செட்டிங்ஸில் மாற்றினேன், அதுவும் சரி. பேட்ச் ஃபைலை அழித்துவிட்டேன்.

பழையவிண்டோஸ்:
நல்லது. என் யோசனையைக் கேட்காமல், அதை ஓட்டாமல் விட்டீர்களே, அது போதும்.

பட்டறை:
மகிழ்ச்சி. ஆனால் அண்ணே, நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. உங்கள் கடைக்கு வருபவர்கள் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் கொடுத்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நீங்கள் அடித்த பாஸ்வேர்டுகளை அந்த வைரஸ் அனுப்பியிருந்தால்? கீயை அழித்ததால் போன பாஸ்வேர்டு திரும்பி வராது.

வேர்காண்:
இதில் நான் பட்டறை பக்கம். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள், பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். மற்றவர்களின் அடையாள ஆவணம் புழங்கும் இடத்தில் இந்த விண்டோஸை நானும் நீண்ட நாள் வைத்திருக்க மாட்டேன்.

தட்டச்சுக்கடை:
புரிகிறது. ஆதார் வேலையை இன்றிலிருந்து தம்பியின் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டேன். ஃபார்மட்டுக்கு நான் தயார், ஆனால் அந்த டிரைவர்?

பட்டறை:
அதற்குச் சிடி தேவையில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். பிஎன்பி யூட்டில் என்ற கட்டளையில் எக்ஸ்போர்ட் டிரைவர் வசதி இருக்கிறது. விண்டோஸுக்குப் பின்னால் நீங்கள் போட்ட டிரைவர்கள் அத்தனையும் ஒரு ஃபோல்டரில் வந்துவிடும். அதைப் பென் டிரைவில் எடுத்து இன்னொரு கணினியில் ஸ்கேன் செய்யுங்கள். புது விண்டோஸ் போட்டதும் டிவைஸ் மேனேஜரில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். கைரேகைக் கருவி வேலை செய்கிறது என்று தம்பியின் லேப்டாப்பில் பார்த்துவிட்டு அப்புறம் ஃபார்மட் போடுங்கள்.