21 இஞ்ச் டியூப் டிவிக்கு விலை குறைந்த டிவிடி பிளேயர் எது?

மொட்டைமாடி_ஆன்டெனா:
வணக்கம். வீட்டில் 21 இஞ்ச் டியூப் டிவி இன்னும் நன்றாக ஓடுகிறது. ஒரு பெட்டி நிறைய விசிடி, இரண்டு கல்யாண டிவிடி, பென் டிரைவில் கொஞ்சம் படம் இருக்கிறது. டிவி பின்னால் மஞ்சள், வெள்ளை இரண்டே ஓட்டை, சிவப்பு இல்லை. கடையில் புது டிவிகளில் இருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டைக்கான பிளேயரைக் காட்டி "இதுதான் லேட்டஸ்ட்" என்கிறார்கள். பட்ஜெட் 2,000 ரூபாய். புதுசா, செகண்ட் ஹேண்டா? எதைப் பார்த்து வாங்குவது?

சால்டரிங்_மேசை:
பிராண்டை விடுங்க சார், பிளேயரின் முதுகைத் திருப்பிப் பாருங்க. மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் இருந்தால் உங்களுக்குப் போதும். எச்டிஎம்ஐ மட்டும் இருப்பது வேண்டவே வேண்டாம். டியூப் டிவியில் 1080 வரி என்று அட்டையில் போட்டிருப்பதால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை, நம்ம ஊர் டிவியின் 'பால்' (PAL) சிக்னலில் 576 வரிதான்.

ஏற்கெனவே எச்டிஎம்ஐ பிளேயர் கையில் இருப்பவர்கள் மட்டும் கன்வெர்ட்டர் வாங்கலாம். அதிலும் எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி-க்கு (அந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு) மாற்றுவதைக் கேட்டு வாங்கணும். அதே டப்பா மாதிரியே நேரெதிர் வேலை செய்வதும் விற்கிறது, முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது அங்கேதான். 5 வோல்ட் யுஎஸ்பி சப்ளை கொடுக்கணும், பக்கத்தில் உள்ள சின்ன சுவிட்சை 'பால்' பக்கம் தள்ளணும்.

சிவப்பு ஓட்டை இல்லையென்றால் உங்கள் டிவி மோனோ, அதாவது ஒரே சேனல் சத்தம்தான். வெள்ளையை மட்டும் குத்தினால் இடது சேனல் மட்டும் கேட்கும். கரோக்கி வகை விசிடி சிலவற்றில் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் வெறும் இசை இருக்கும்; பாடகர் குரல் காணவில்லை என்று பயப்படாமல் ரிமோட்டில் 'ஆடியோ' அல்லது 'எல்/ஆர்' பட்டனை அழுத்துங்க. இரண்டு சேனலும் சேர்ந்து வரணும் என்றால் வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு ஒரே பின்னில் சேர்க்கலாம்.

டிவிடி படத்தில் பின்னணி இசை அதிர்கிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால், பிளேயர் ஆறு ஸ்பீக்கருக்கான 5.1-ல் நிற்கிறது. ஸ்பீக்கர் செட்டப்பில் 'டவுன்மிக்ஸ்' என்பதை 'ஸ்டீரியோ' ஆக்குங்க.

லென்ஸ்_துடைப்பான்:
செகண்ட் ஹேண்ட் தாராளமாக வாங்கலாம், ஆனால் கடைக்காரர் போட்டுக் காட்டும் டிஸ்க்கை நம்பாதீங்க. உங்கள் டிஸ்க் மூன்று எடுத்துட்டுப் போங்க: ஒரு விசிடி, ஒரு ஒரிஜினல் பட டிவிடி, அந்தக் கல்யாண டிவிடி. விசிடி படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடி படிக்க 650. ஒன்று தேய்ந்து மற்றது நன்றாக இருக்கும், அதனால் ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும் என்று சொல்ல முடியாது. கல்யாண டிஸ்க் ரைட்டரில் எரித்தது. அதில் ஒளி திரும்புவதே குறைவு, பலவீனமான லேசர் அதில்தான் முதலில் திணறும். ஒரிஜினல் டிவிடியை முதல் காட்சியோடு நிறுத்தாமல் நடுப்பகுதிக்கு ஓட்டிப் பாருங்க. இரண்டு அடுக்குள்ள 8.5 ஜிபி டிஸ்க்கில் அடுக்கு மாறும் இடம் அங்கேதான் வரும், மோசமான லேசர் ஹெட் அங்கே உறைந்து நிற்கும்.

ரிமோட் இல்லாத பிளேயர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். செட்டப் மெனுவுக்கு முன்பக்கப் பட்டனில் வழி இருக்காது.

மொட்டைமாடி_ஆன்டெனா:
நன்றி. நண்பர் ஒருவரின் பிளேயரைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தேன். படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. டிவி கோளாறா?

சால்டரிங்_மேசை:
டிவி மேல் பழி போடாதீங்க. மஞ்சள் பின்னை எந்த ஓட்டையில் குத்தினீங்க? பச்சை, நீலம், சிவப்பு என்று படத்தை மூன்றாகப் பிரித்து அனுப்பும் காம்பொனென்ட் வரிசை ஒன்று பக்கத்திலேயே இருக்கும். பச்சையில் குத்தினால் படம் வரும், நிறம் வராது. மஞ்சளில்தான் இருக்கிறது என்றால், செட்டப்பில் 'டிவி சிஸ்டம்' அமெரிக்க முறையான என்டிஎஸ்சி-யில் இருக்கும், பால் ஆக்குங்க. சில ரிமோட்டில் 'என்/பி' என்று தனிப் பட்டனே உண்டு.

படமே வராமல் கோடு கோடாக ஓடினால் டியூப் டிவி ஏற்காத 'பி-ஸ்கேன்' (புரோகிரசிவ் ஸ்கேன்) ஆன் ஆகியிருக்கலாம். டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு 'வி-மோட்' பட்டனை ஒவ்வொரு முறையாக அழுத்தி, இரண்டு மூன்று நொடி பொறுத்துப் பாருங்க.

மொட்டைமாடி_ஆன்டெனா:
பச்சையில்தான் குத்தியிருந்தேன்! கலர் வந்துவிட்டது. பென் டிரைவ் மட்டும் 'நோ டிஸ்க்' என்கிறது.

லென்ஸ்_துடைப்பான்:
பென் டிரைவை 'ஃபேட்32' என்ற ஃபைல் முறையில் ஃபார்மேட் பண்ணுங்க. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இந்த பிளேயர்களுக்குப் பெரும்பாலும் புரியாது. ஃபேட்32-ல் 4 ஜிபி-க்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. ஃபார்மேட் பண்ணினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் படங்களைக் கணினிக்கு மாற்றிவிடுங்க. செல்போனில் ஓடும் எம்பி4, எம்கேவி இதில் பெரும்பாலும் ஓடாது, சில சமயம் சத்தம் மட்டும் வரும். கணினியில் எக்ஸ்விட் வகை ஏவிஐ ஃபைலாக மாற்றுங்க: அகலம் 720-க்குள், நொடிக்கு 25 ஃபிரேம், வீடியோ 1,500 கேபிபிஎஸ், ஆடியோ எம்பி3 128. இரண்டரை மணி நேரப் படம் சுமார் 1.8 ஜிபி வரும்.