சாப்பாடு போடாம வேலை வாங்குனதெல்லாம் ஒரு பெருமையா?

ரீல்பெட்டி ராஜா:
நேத்து இங்க ஒருத்தர் போட்ட பதிவ படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் ‘கான் வித் தி விண்ட்’ படத்த எடுக்கும்போது எழுத்தாளர் பென் ஹெக்ட்ட கூட்டிட்டு வந்து அடைச்சு வச்சு, வாரம் முழுக்க வாழைப்பழமும் உப்பு வேர்க்கடலையும் மட்டும் குடுத்து ஸ்கிரிப்ட் கறந்தாராம். “அதுதான் கண்டிப்பு, அப்படிப்பட்ட தயாரிப்பாளருங்க இருந்ததாலதான் பழைய ஹாலிவுட் ஜெயிச்சுச்சு”ன்னு வேற முடிச்சிருக்கார். கண்ணன் சார், உங்களத்தான் சொல்றேன். ஹெக்ட் 1954ல எழுதின சுயசரிதைய நீங்க பிரிச்சே பாத்ததில்லன்னு தெரியுது. அதுல இருக்கறது இவ்ளோதான்: செல்ஸ்னிக் லஞ்ச்சுக்கு விடல, சாப்பிட்டா மந்தம் தட்டிடும்னு சொல்லி பழமும் கடலையும் வச்சார். லஞ்ச்! ராத்திரி பட்டினி போட்டதா எங்க எழுதியிருக்கு? ஒரு வேள சாப்பாட்ட வாரம் முழுக்கன்னு ஊதி, அதுக்கு மேல ஒரு நிர்வாகப் பாடம் வேற நடத்துறீங்க.

கண்டிப்பு கண்ணன்:
வாங்க ராஜா, உங்களத்தான் எதிர்பாத்தேன். ஒரு நாளைக்கு 18, 20 மணி நேரம் உக்காந்தாங்கன்னு அதே ஹெக்ட்தான் எழுதியிருக்கார். நாலாவது நாள் டைரக்டர் விக்டர் ஃப்ளெமிங்குக்கு கண்ணுல ரத்தக்குழாய் உடைஞ்சுது, அஞ்சாவது நாள் செல்ஸ்னிக்கே வாழைப்பழத்த மென்னுகிட்டே சாஞ்சுட்டார். லஞ்ச் மட்டும் கட் பண்ணதுக்கா இவ்ளோ? மூணு வேளையும் வயித்துக்கு ஒழுங்கா போயிருந்தா அஞ்சாம் நாள் ஒரு மனுஷன் அப்படி விழுவானா? யோசிச்சு எழுதுங்க. தொழிலாளிய மட்டும் காய வச்சு தான் மட்டும் சாப்பிட்ட முதலாளி இல்ல அவர், அதுதான் என் பாயிண்ட்.

வேடிக்கை வேலு:
வாழைப்பழத்துக்கு ரெண்டு பேரு சண்டைன்னதும் எனக்கு வேற ரெண்டு பேரு ஞாபகம் வந்துட்டாங்க, சொல்ல மாட்டேன். அந்த ஒரு வார வேலைக்கு ஹெக்ட் வாங்கினது 15,000 டாலர். 1939ல. அந்த காசுக்கு நான் தோலையும் சேத்து தின்னிருப்பேன்.

ரீல்பெட்டி ராஜா:
கண்ணன், தூக்கம் இல்லாம விழறதும் பசியில விழறதும் ஒண்ணா? ஹெக்ட் லஞ்ச்னு எழுதியிருக்கார், நீங்க மூணு வேளைன்னு நீட்டுறீங்க, கேட்டா ரத்தக்குழாய்னு தாவுறீங்க. ரத்தக்குழாய்க்கும் கடலைக்கும் என்ன சம்பந்தம்.

அது கிடக்கட்டும், அங்க நடந்த கூத்து என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். 1939 ஜனவரி கடைசில ஷூட்டிங் ஆரம்பிக்குது. மூணு வாரம் கூட முழுசா ஓடல, பிப்ரவரில டைரக்டர் ஜார்ஜ் க்யூக்கர செல்ஸ்னிக் தூக்கிட்டார். படத்தோட நடிகைங்க விவியன் லீயும் ஒலிவியா டி ஹாவிலண்டும் போட்டிருந்த துக்க உடையோடயே செல்ஸ்னிக் ரூமுக்கு ஓடி, அவர விட்டுடாதீங்கன்னு கெஞ்சினாங்க, மனுஷன் அசையல (அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தருக்கு தெரியாம ஒருத்தர் க்யூக்கர் வீட்டுக்கே போய் சீன் கத்துக்கிட்டாங்க, அது தனிக் கத). ஃப்ளெமிங் வந்து ஸ்கிரிப்ட படிச்சுட்டு இது தேறாதுங்கறார், ஷூட்டிங் நிக்குது. அப்பத்தான் எம்ஜிஎம் ஸ்டுடியோல வேற படத்துல இருந்த ஹெக்ட்ட ஞாயித்துக்கிழம விடியக்காலைல எழுப்பி இழுத்துட்டு வராங்க. அவர் நாவலயே படிச்சதில்ல! செல்ஸ்னிக் கதைய சொல்றார், இவருக்கு தலையும் புரியல வாலும் புரியல. முன்னாடி யாராவது எழுதினது இருக்கான்னு கேட்டா, சிட்னி ஹோவர்ட் எழுதின பழைய பிரதி வருது, அதுதான் நல்லா இருக்குன்னு அத வச்சே வேலை நடக்குது. செல்ஸ்னிக் கதாநாயகி ஸ்கார்லெட்டாவும் அவ குடிகார அப்பனாவும் நடிச்சு காட்டுவாராம், ஃப்ளெமிங் கதாநாயகன் ரெட் பட்லரா நடிப்பாராம், ஹெக்ட் சோஃபால பாதி தூக்கத்துல படுத்துக்கிட்டு கேட்டுட்டு டைப் அடிப்பாராம். கைல இருந்த நல்ல ஸ்கிரிப்ட செல்ஸ்னிக் ஆள் மேல ஆள் போட்டு கெடுத்து, கடைசில அதுக்கே திரும்பி வந்திருக்கார். இதுக்கு பேரு கண்டிப்பா? இத ஹெக்ட் எழுதினது 15 வருஷம் கழிச்சு, அவர் சிகாகோ பத்திரிகைல இருந்து வந்த ஆளு, கத விடறதுல மன்னன், பாதிக்கு மேல சரடுன்னுதான் நான் எடுத்துக்குவேன்.

கண்டிப்பு கண்ணன்:
ஒரு நிமிஷம். சரடுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப சரடுக்குள்ள லஞ்ச்சா டின்னரான்னு எதுக்கு நேத்துல இருந்து கத்துறீங்க?

ரீல்பெட்டி ராஜா:
சரடா இருந்தாலும் அவர் எழுதினத எழுதினபடி சொல்லணும். அவர் லஞ்ச்னுதான் எழுதினார்.

ஷீலா:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. கண்டிப்பான தயாரிப்பாளர்னு பேசணும்னா பழத்த விட்டுட்டு ஒப்பந்தத்த பேசுங்க. ஒலிவியா வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோல ஏழு வருஷ காண்ட்ராக்ட்ல இருந்தாங்க. குடுக்கற வேஷம் பிடிக்கலன்னா சஸ்பெண்ட், சம்பளம் கிடையாது. அதோட முடிஞ்சா பரவாயில்ல, சஸ்பெண்ட்ல இருந்த காலத்த காண்ட்ராக்ட் கடைசில ஒட்ட வச்சுடுவாங்க. 1943ல ஏழு வருஷம் முடிஞ்சதும் இன்னும் 25 வாரம் பாக்கின்னு நின்னாங்க. இவங்க கேஸ் போட்டாங்க. அதோட முதலாளி ஜாக் வார்னர் மத்த ஸ்டுடியோவுக்கெல்லாம் இவங்கள எடுக்காதீங்கன்னு சொல்லி வச்சார், ரெண்டு வருஷம் போல வேலையே இல்ல. 1944 டிசம்பர்ல கலிஃபோர்னியா அப்பீல் கோர்ட் இவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு: ஏழு வருஷம்னா காலண்டர்படி ஏழு வருஷம், நீ வேலை குடுத்த நாள மட்டும் எண்ணக் கூடாது. இன்னைக்கும் அங்க அந்த சட்டத்த டி ஹாவிலண்ட் சட்டம்னுதான் சொல்றாங்க. நடிகை பெட்டி டேவிஸ் இதே கம்பெனிய எதுத்து 1936ல லண்டன் கோர்ட்ல தோத்தாங்க, இவங்க ஜெயிச்சாங்க. அப்புறம் ரெண்டு ஆஸ்கர் வேற. கண்டிப்பு கண்ணன் சார், உங்க கண்டிப்புல இது எந்தப் பக்கம் வருது?

கண்டிப்பு கண்ணன்:
மேடம், அது வார்னர். நான் பேசறது செல்ஸ்னிக். ராஜா சாருக்கு பதில் சொல்லிட்டு வரேன். 1939ல பெஸ்ட் பிக்சர், அடுத்த வருஷம் ‘ரெபெக்கா’வுக்கு மறுபடி பெஸ்ட் பிக்சர், ரெண்டும் அதே ஆளு. படத்த தேத்த மாமனார் லூயி மேயரோட எம்ஜிஎம்ல இருந்து பன்னிரண்டரை லட்சம் டாலரும் நடிகர் கிளார்க் கேபிளையும் வாங்கி, லாபத்துல பாதிய குடுத்தார். அந்த ரிஸ்க் எடுத்தவன் ஒரு வாரம் பழம் சாப்பிடச் சொன்னா குத்தமா? நீங்க சொல்ற கூத்துல இருந்துதான் அந்தப் படம் வந்துச்சு.

மெட்ராஸ் மணி:
எம்ஜிஎம்னதும் ஞாபகம் வருது, அந்த சாம் கோல்ட்வின்னு ஒருத்தர் இருந்தாரே எம்ஜிஎம் முதலாளி, அவரு இவங்கள விட மோசம்னு படிச்சிருக்கேன். டைரக்டர் வில்லியம் வைலர் லாபப் பங்கு வரலன்னு அவர் மேலயே கேஸ் போட்டார்ல.

ரீல்பெட்டி ராஜா:
மணி, கேஸ் சரி. ஆனா கோல்ட்வின் எம்ஜிஎம்ல ஒரு நாள் கூட வேலை பாக்கல. அவர் ஆரம்பிச்ச கோல்ட்வின் கம்பெனில இருந்தே 1922ல அவர வெளிய தள்ளிட்டாங்க, 1924ல அந்த கம்பெனிய சேத்து எம்ஜிஎம் ஆக்கினாங்க, பேர் மட்டும் தங்கிடுச்சு. கடைசி வரைக்கும் தனியாத்தான் படம் எடுத்தார்.

மெட்ராஸ் மணி:
எம்ஜிஎம்ல நடு எழுத்து ஜி. ஜி யாரு? பேர் அவரோடது தானே. பேர் இருந்தா ஆளும் இருந்த மாதிரிதான்.

ரீல்பெட்டி ராஜா:
அடக் கடவுளே. அந்தப் பேரே மொதல்ல அவரோடது இல்லங்க, கோல்ட்ஃபிஷ்ஷுன்னு இருந்தவர் செல்வின் சகோதரர்களோட கூட்டு சேந்து ரெண்டு தரப்பு பேரையும் ஒட்டி கம்பெனிக்கு வச்சது, அப்புறம் அதையே தன் பேரா மாத்திக்கிட்டார். போன வருஷம் கருப்பு வெள்ளை கேமரா பத்தின திரிலயும் நீங்க இப்படித்தான், நான் சொன்னத அரைகுறையா படிச்சுட்டு நாலு நாள் இழுத்தீங்க.

மெட்ராஸ் மணி:
அந்த திரில யாரு கடைசில பதில் சொல்லாம ஓடினாங்கன்னு ஊருக்கே தெரியும். நான் கிளற வேணாம்னு பாக்கறேன்.

வேடிக்கை வேலு:
செல்ஸ்னிக் மெமோ எழுதியே ஆள கொல்லுவார்ல. “இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி நான் அமெரிக்கா வந்தப்ப ஒரு மெமோ அனுப்பினார், இப்பத்தான் படிச்சு முடிச்சேன்”னு டைரக்டர் ஹிட்ச்காக் கிண்டல் பண்ணுவாராம். ராஜா அண்ணன் பதிவு நீளத்த பாக்கும்போது எனக்கு அந்த கஷ்டம் புரியுது.

ரீல்பெட்டி ராஜா:
நீளமா எழுதறவன்தான் படிச்சவன் தம்பி. ஹிட்ச்காக்க இழுத்ததால சொல்றேன், அவர காண்ட்ராக்ட்ல வச்சுக்கிட்டு மத்த ஸ்டுடியோவுக்கு வாடகைக்கு விட்டு, அவங்க குடுத்ததுல ஹிட்ச்காக் சம்பளம் போக மிச்சத்த செல்ஸ்னிக்தான் வச்சுக்கிட்டார். இது சினிமாவா மாட்டுச் சந்தையா? இதையும் கண்ணன் சார் ரிசல்ட்னு எழுதுவார், பாருங்க.

கண்டிப்பு கண்ணன்:
அன்னைக்கு எல்லா ஸ்டுடியோவும் அதத்தான் பண்ணுச்சு. வழக்கம். நீங்க மட்டும் செல்ஸ்னிக்க தனியா நிறுத்தி வச்சு அடிக்கிறீங்க, அதுல ஏதோ சொந்தப் பகை தெரியுது.

ஷீலா:
நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல, பரவாயில்ல. இன்னொண்ணு போடறேன், இதுக்காவது பாப்போம். கருப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் அதே ‘கான் வித் தி விண்ட்’ படத்துல நடிச்சாங்க, 1939 டிசம்பர்ல அட்லாண்டால நடந்த பிரீமியருக்கு வர முடியல, ஜார்ஜியால நிறப்பிரிவினைச் சட்டம். 1940ல ஆஸ்கர் வாங்கின ராத்திரியும், கருப்பர்கள உள்ள விடாத ஹோட்டல்ல செல்ஸ்னிக் சொல்லித்தான் இடமே கிடைச்சுது, அதுவும் படத்துல கூட நடிச்சவங்களோட இல்ல, செவுத்தோரமா தனி டேபிள்ல. அந்த டேபிள பத்தி பேச இங்க யாருக்கும் நேரமில்ல, பழத் தட்ட பத்தி ரெண்டு நாளா பேசுறீங்க.

கண்டிப்பு கண்ணன்:
செல்ஸ்னிக்தான் உள்ள வர வச்சார்னு நீங்களே சொல்றீங்களே மேடம். ராஜா, நோட் பண்ணிக்கங்க.

ஷீலா:
நான் சொன்னதுல அதுதான் உங்களுக்கு கிடைச்சுதா?

ரீல்பெட்டி ராஜா:
ஷீலா சொல்றது நியாயம், ஆனா அது வேற விஷயம். வார்னர்னு பேச்சு வந்ததால ஒண்ணு சேத்துக்கறேன். 1944ல ‘காசாபிளாங்கா’வுக்கு பெஸ்ட் பிக்சர் அறிவிச்சதும் அத தயாரிச்ச ஹால் வாலிஸ் எழுந்திரிக்கறார், அதுக்குள்ள ஜாக் வார்னர் ஒரே ஓட்டமா மேடைக்கு ஓடி ஆஸ்கர கைல வாங்கிட்டார். வார்னர் குடும்பம் வரிசைல வழிய மறிச்சு உக்காந்திருந்ததுல வெளிய கூட வர முடியாம திரும்ப உக்காந்தேன்னு வாலிஸ் எழுதி வச்சிருக்கார், பல வருஷம் கழிச்சும் அந்த கோவம் ஆறல. அந்த வருஷமே கம்பெனிய விட்டு போயிட்டார். அந்தக் காலத்து பெரிய மனுஷங்க லட்சணம் இதுதான். அதுக்காக கண்ணன் லஞ்ச்ச மூணு வேளை ஆக்கினத நான் விட்டுட முடியாது.

கண்டிப்பு கண்ணன்:
நான் மூணு வேளைன்னு எங்க சொன்னேன்? வாரம் முழுக்கன்னு சொன்னேன்.

ரீல்பெட்டி ராஜா:
மேல போய் படிங்க. “மூணு வேளையும் வயித்துக்கு ஒழுங்கா”ன்னு உங்க கையால எழுதினது அப்படியே இருக்கு.

கண்டிப்பு கண்ணன்:
அது ஒரு கேள்வி. கேள்விக்கும் கூற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கிட்ட என்ன பேச. ஹெக்ட் டின்னர் சாப்பிட்டார்னு எழுதின வரிய காட்டுங்க, நான் பதிவ எடுத்துடறேன்.

ரீல்பெட்டி ராஜா:
சாப்பிடலன்னு எழுதின வரிய நீங்க காட்டுங்க மொதல்ல. சொன்னது நீங்க, நிரூபிக்க வேண்டியதும் நீங்க.

மெட்ராஸ் மணி:
கோல்ட்வின் விஷயத்துல எனக்கு இன்னும் பதில் வரல.

ரீல்பெட்டி ராஜா:
1922ன்னு சொல்லியாச்சு மணி. ஆயிரத்து தொள்ளாயிரத்து இருபத்தி ரெண்டு. எம்ஜிஎம் பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஆள் வெளிய.

மெட்ராஸ் மணி:
அப்ப பேர ஏன் எடுக்கல?