ஐரோப்பிய மறுமலர்ச்சி 1453-இல்தான் தொடங்கியதா?

கேள்விக்காரி:
வணக்கம் நண்பர்களே. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் குறிப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: 1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்தார்கள், கிரேக்க அறிஞர்கள் சுவடிகளோடு இத்தாலிக்கு வந்தார்கள், மறுமலர்ச்சி பிறந்தது. இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தால், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடம் 1436-இல் முடிந்தது என்று இருக்கிறது. பிள்ளை பிறக்கும் முன்பே பேர் வைத்த கதையாக இருக்கிறதே? உண்மையில் எங்கே தொடங்கியது? அதன் குணம் என்ன?

கரையோரம்:
1453-ஐ ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். கர்தினால் பெசாரியோன் கிரேக்கச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். நகரம் விழுந்த பிறகு அந்தத் தேடல் இன்னும் தீவிரமானது. 1468-இல் எல்லாவற்றையும் வெனிஸுக்குக் கொடுத்தார். அங்கே உள்ள மார்சியானா நூலகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் கிரேக்கம் சொல்லிக்கொடுக்க மானுவேல் கிறிசொலோராஸ் என்ற கிரேக்க அறிஞரை ஃபுளோரன்ஸ் வரவழைத்தது 1397-இலேயே. அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. 1453-இல் விறகு கூடியது, அவ்வளவுதான்.

அச்செழுத்து:
நான் எழுத்துரு வரைந்து பிழைப்பவன். லத்தீன் எழுத்துகளின் வளைவுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் காலத்துக்குள் நுழைந்தேன். அதனால் என் பதிலும் அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

என்னைக் கேட்டால் 1345-இலிருந்து தொடங்குவேன். அந்த வருடம் வெரோனாவில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கையில், பழைய ரோமின் பேச்சாளர் சிசரோவின் கடிதங்கள் கிடைத்தன. தன் கையாலேயே படியெடுத்தார். படியெடுக்க எடுக்க மனம் நொந்துபோனார். அவர் மனதில் இருந்த சிசரோ அமைதியான தத்துவ ஞானி. கடிதங்களில் இருந்தவரோ அரசியல் சண்டையில் விழுந்து, இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாகப் பேசிய மனிதர். உடனே உட்கார்ந்து, செத்து ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆன அந்த மனிதருக்கே ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தின் கடைசியில் தேதி போட்ட விதத்தைப் பாருங்கள்: நீ அறியாத அந்தக் கடவுள் பிறந்து 1345-ஆம் ஆண்டு.

இந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். உன் உலகம் வேறு, என் உலகம் வேறு, நடுவில் பெரிய தூரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பழைய நூல்களை மடங்களிலும் படித்தார்கள், படியெடுத்தார்கள். அந்தத் தூரத்தைப் பெட்ரார்க் அளவுக்கு உணர்ந்து தவித்தவர்கள் அரிது. மறுமலர்ச்சியின் குணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் என் தொழிலுக்கு வருகிறேன். அன்றைய கோதிக் எழுத்து நெருக்கி நெருக்கி எழுதுவது, கண்ணுக்கு வேதனை. பெட்ரார்க்கே அதைப் பற்றிக் குறைப்பட்டிருக்கிறார். 1400-ஐ ஒட்டி, ஃபுளோரன்ஸில் போஜ்ஜோ பிராச்சியோலினி போன்றவர்கள் பழைய சுவடிகளில் கண்ட தெளிவான, உருண்டையான எழுத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்கள். அதற்குப் ‘பழைய எழுத்து’ என்றே பெயர். ரோமர்களின் கையெழுத்தையே மீட்டுவிட்டோம் என்ற பெருமை அவர்களுக்கு. ஆனால் அது ரோமர் எழுத்தே இல்லை! சார்லமேன் பேரரசர் காலத்தில், அதாவது 800-ஐ ஒட்டி, மடத்துத் துறவிகள் செம்மைப்படுத்திய எழுத்து. அவர்கள் பார்த்த சுவடிகளே துறவிகள் எடுத்த படிகள்தான். இன்று உலகம் முழுக்க அச்சாகும் லத்தீன் சிறிய எழுத்துகள் அந்தத் தவறான அடையாளத்திலிருந்து வந்தவை.

இதே போஜ்ஜோதான் 1416-இல், கான்ஸ்டன்ஸ் திருச்சபைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, சுவிட்சர்லாந்தின் சென் காலன் மடத்துக்குப் போய், ரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குவிந்திலியனின் முழு நூலைக் கண்டெடுத்தவர். கோபுரத்தின் அடியில், மரண தண்டனைக் கைதியைக்கூட அடைக்கத் தகாத இருட்டறையில், பூஞ்சையும் தூசியுமாகக் கிடந்தது என்று எழுதுகிறார்.

1440-க்கு வாருங்கள். மேற்கு நாடுகளையெல்லாம் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாகக் கான்ஸ்டன்டைன் பேரரசர் பெயரில் ஒரு சாசனம் இருந்தது. லத்தீன் அறிஞர் லொரென்சோ வல்லா அதை எடுத்து, சொல் சொல்லாக உடைத்துப் பார்த்தார். ‘சத்ரப்’ என்று ஒரு பதவி வருகிறது. அது பாரசீகப் பதவி. ரோம அதிகாரிகளை அன்று யார் அப்படிச் சொன்னார்கள்? இது பிற்காலத்தில் எவனோ எழுதியது என்று நிறுவினார். அப்போது அவர் வேலை பார்த்தது போப்போடு மோதிக்கொண்டிருந்த நேப்பிள்ஸ் அரசரிடம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எழுத்தின் வயதைத் தப்பாகக் கணித்த நாற்பது வருடத்துக்குள் சொல்லின் வயதைச் சரியாகக் கணித்துவிட்டார்கள்.

கேள்விக்காரி:
மிக்க நன்றி ஐயா. அப்படியென்றால் பணத்துக்கு இதில் பங்கே இல்லையா? ஃபுளோரன்ஸின் பணக்கார மெடிச்சி குடும்பம் பற்றித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

கணக்கன்:
பணம் இல்லாமலா? ஃபுளோரன்ஸ் 1252-இலேயே ஃபுளோரின் என்ற தங்க நாணயம் அடித்த ஊர். கம்பளித் தொழிலும் வட்டித் தொழிலும் கொழித்தன. மெடிச்சி வங்கி வந்தது 1397-இல். ஆனால் குவிமாடத்தின் பொறுப்பு கம்பளித் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கிய முதலாளிகளின் சங்கத்திடம் இருந்தது. குடும்பங்களை மட்டும் பார்த்தால் இந்தச் சங்கங்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

எனக்குப் பிடித்த ஆதாரம் ஒரு ஒப்பந்தம். 1485-இல், கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இன்னொசென்ட்டி விடுதி, ஓவியர் கிர்லாந்தாயோவிடம் வழிபாட்டுப் பீடத்துக்கு ஒரு படம் கேட்டது. விலை 115 ஃபுளோரின். நீலம் அவுன்ஸுக்கு சுமார் 4 ஃபுளோரின் மதிப்புள்ள அசல் நீலமாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்த நீலத்தை அரைத்தெடுக்கும் கல் ஆப்கானிஸ்தானின் படாக்‌ஷானிலிருந்து வந்தது. மாதாவின் மேலாடையில் நீலத்தைப் பார்க்கும்போது வணிகப் பாதை முழுவதும் எனக்குத் தெரியும்.

அச்செழுத்து:
கணக்கன் சொல்வது சரி, நான் விட்டதும் அதுதான். போஜ்ஜோ அலைந்ததற்கும் பணம் வேண்டியிருந்தது.

தங்கைக்கு ஒன்று. நிக்கோலா ஜென்சன் என்ற அச்சாளர் 1470-இல் வெனிஸில் அச்சடித்த பக்கம் ஒன்றை இணையத்தில் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய எழுத்துகள் ரோமர்கள் கல்லில் உளியால் வெட்டியவற்றின் வழி வந்தவை. சிறிய எழுத்துகள் துறவிகள் பேனாவால் எழுதியவற்றின் வழி வந்தவை. இரண்டுக்கும் நடுவே பல நூறு வருட இடைவெளி. ஒரே வரியில் ஒட்டாமல் நிற்குமே என்று, கல்லெழுத்தின் கோட்டு முனைகளில் உள்ள சிறு கால்களைப் பேனா எழுத்துக்கும் போட்டிருப்பது தெரியும்.

தேர்வில் 1453 என்று கேட்டால் எழுதிவிடுங்கள். பக்கத்திலேயே கிறிசொலோராஸ் வந்த 1397-ஐயும் எழுதுங்கள்.