சீன எழுத்துக்குக் கதை கட்டலாமா, கூடாதா?

மூங்கில்காடு:
ஆறு மாதமாகச் சீனம் படிக்கிறேன். எழுத்துக்கு ஒரு கதை கட்டித்தான் மனதில் பதிக்கிறேன். ஆள் மரத்தில் சாய்ந்திருந்தால் 'சியூ', ஓய்வு. கூரைக்குக் கீழே பன்றி நின்றால் 'ஜியா', வீடு. முன்பு ஒவ்வொன்றையும் இருபது தடவை எழுதிப் பார்த்தேன். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. இந்தப் பன்றியை மறக்க முடியுமா?

நாலுசுரம்:
அவை கதைக்கு வாகான எழுத்துகள். அம்மாவைக் குறிக்கும் 'மா'வைப் பாருங்கள். இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. உடனே "குதிரை போல் உழைப்பவள்" என்று கதை கட்டத் தோன்றும். ஆனால் குதிரைக்கும் சீனத்தில் 'மா' என்றுதான் பெயர்; ஒலியைக் காட்டவே அது அங்கே நிற்கிறது. வாய் பக்கத்தில் அதே குதிரை வந்தால், நம் 'ஆ' மாதிரி வாக்கியத்தைக் கேள்வியாக்கும் 'மா'. சீன எழுத்துகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் இப்படித்தான்: ஒரு பகுதி பொருளுக்கு, மறுபகுதி ஒலிக்கு. கதை கட்டும்போது ஒலி காதில் விழாமலே போகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

மூங்கில்காடு:
ஒலியை நம்பினாலும் சறுக்குமே! ஆற்றைக் குறிக்கும் 'ஜியாங்' எழுத்தில் ஒலிக்கு நிற்பது 'கோங்'. காலப்போக்கில் உச்சரிப்பு அவ்வளவு விலகிவிட்டது. அங்கே கதையை விட்டால் வேறு வழி ஏது?

நாலுசுரம்:
சரி, அந்த மாதிரி இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'ச்சிங்' என்ற ஒலிப்பகுதி பொதுவாக வரும் எழுத்துக் குடும்பத்துக்கு வேண்டாம். நீர் சேர்ந்தால் தெளிவு, பேச்சு சேர்ந்தால் அழைப்பது, நெஞ்சு சேர்ந்தால் உணர்வு, சூரியன் சேர்ந்தால் தெளிந்த வானம். நான்குக்கும் ஒலி ஒன்று, சுரம்தான், அதாவது குரலின் ஏற்ற இறக்கம்தான், மாறும். தனித்தனியாக நான்கு கதை எதற்கு?

பழையசாடி:
நாலெழுத்து மரபுத்தொடர்களையும் பேசுவோம். 'செங்யூ' எனப்படும் இவற்றில் பலவற்றுக்குக் கதை கூடவே வருகிறது. 'ஷோவ் ஜூ தாய் தூ', அடிமரத்தைக் காத்து முயலுக்குக் காத்திருத்தல். நான் சொற்களை மட்டும் பார்த்து, நம் உறுமீன் கொக்கை மனதில் வைத்துப் படித்தேன். அப்புறம் சீனத் தோழி ஒருத்தியின் பொறுமையைப் பாராட்ட அதையே சொன்னேன். அவள் முகம் சட்டென்று மாறியது. 'ஹான் ஃபெய்சி' என்ற பழஞ்சீன நூலில் இருக்கும் கதை வேறு: அக்காலச் சோங் நாட்டு உழவன் ஒருவனின் வயலில், ஓடி வந்த முயல் அடிமரத்தில் மோதிக் கழுத்து முறிந்து செத்தது. அவன் கலப்பையைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்காக உட்கார்ந்துவிட்டான். ஊரே சிரித்தது. நான் பாராட்டு என்று நினைத்தது அவளுக்கு வசவாக விழுந்தது. தொடருக்குச் சொந்தக் கதை கட்டாதீர்கள், இருக்கிற கதையைப் படியுங்கள்.

மூங்கில்காடு:
என் குறிப்பேட்டிலும் அந்த முயலுக்கு நேரே 'பொறுமை' என்றுதான் இருக்கிறது. இப்போதே அடிக்கிறேன். கூரைக்குக் கீழே இருக்கும் பன்றியை மட்டும் விட மாட்டேன்.