பொங்கல் கூடல்: பிள்ளைகளுக்கு மேடை வேண்டாம், வேலை கொடுப்போம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். தோஹா மாமா போன வாரம் எழுதிய மடலைப் படித்தேன். நம் ஊர்ச் சங்கத்தில் இருபது வயதுக்குக் கீழே ஒருத்தரும் இல்லையே, நமக்கப்புறம் இதை யார் நடத்துவது என்று கேட்டிருந்தார். சிங்கப்பூர் சித்தப்பா அதற்குப் பதிலாக, பொங்கல் கூடலில் பிள்ளைகளுக்குப் பெரிய மேடை, நல்ல மைக் செட், கோப்பைகள் என்று யோசனை சொல்லியிருந்தார். சித்தப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்ல ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

என் மகன் இரண்டு வருடமாக இங்கே கலிபோர்னியாவில், சான் ஹோசே ஊரின் ஜப்பான் டவுனில் உள்ள புத்தர் கோயிலின் இளைஞர் குழுவுக்குப் போய்வருகிறான். பக்தியால் போகவில்லை. கூடப் படிக்கிற பையன் கூடைப்பந்து விளையாடக் கூட்டிக்கொண்டு போனான், அப்படியே ஒட்டிக்கொண்டான். மன்னார்குடி அத்தை ஃபோனில், "மதம் மாத்திடப் போறாங்கடி" என்று பயந்தார். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தையே எழுதிவைத்தான், அந்தச் சீமையில் பிறந்துவிட்டு இதற்குப் பயப்படலாமா அத்தை என்றேன். "அது ராஜா, இது ஒத்தைப் பிள்ளை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதல் வருடம் ஜூலையில் ஓபோன் திருவிழாவுக்கு எங்களை அழைத்தான். இறந்துபோன முன்னோரை நினைக்கிற விழா. இரண்டு நாள் விழா. கோயில் இருக்கிற வடக்கு ஐந்தாம் தெருவை மறித்துவிடுவார்கள். பொழுது சாயும் நேரத்தில் கிமோனோ கட்டிய கிழவிகளிலிருந்து மழலைகள் வரை வரிசை வரிசையாகத் தெருவிலேயே ஆடுவார்கள். நம் கும்மி மாதிரிதான், பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொள்ளலாம். ஒரு ஆட்டத்தில் நிலக்கரி வெட்டுவது, தோளுக்கு மேலே வீசுவது, வண்டி தள்ளுவது எல்லாம் அடவாக வரும். சுரங்கத் தொழிலாளிகளின் ஆட்டமாம். மகன் ஆடப் போகிறான் என்று நினைத்து நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கேமராவும் கையுமாகப் போனேன். தேடித் தேடிக் கடைசியில் எங்கே கண்டுபிடித்தேன் தெரியுமா? குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில். மட்கும் குப்பை, மறுசுழற்சிக்குப் போவது, வெறும் குப்பை என்று மூன்று தொட்டி. கையுறை போட்டுக்கொண்டு, வருகிறவர்களின் எச்சில் தட்டை வாங்கிப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காத பிள்ளை. என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. இதற்கா அனுப்பினோம் என்று காரில் வரும்போது ஒரே புலம்பல். எனக்கும் அன்று உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

ஆனால் அவன் அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, யாரும் எழுப்பாமல், தானாக எழுந்து திரும்பப் போனான். நம் பொங்கல் கூடலில் நடனம் ஆடி முடித்த பிள்ளை எதுவாவது அடுத்த நாள் பாத்திரம் கழுவ வந்திருக்கிறதா? யோசித்துப் பாருங்கள்.

ஓபோனுக்குப் பின்னால் உள்ள கதை அவர்களுடையது மட்டுமல்ல. புத்தரின் சீடர் மொக்கல்லானர், இறந்துபோன தன் தாய் பசித்த பேயாய் அலைவதைத் தன் ஞானக் கண்ணால் பார்க்கிறார். சோறு கொடுக்கிறார், வாய்க்குப் போகும்முன் அது நெருப்பாகிவிடுகிறது. மழைக்காலத் தங்கல் முடித்து வரும் துறவிகளுக்கு உணவு கொடு என்கிறார் புத்தர். அப்படியே செய்ய, தாய் விடுதலை ஆகிறாள், மகன் ஆனந்தத்தில் ஆடுகிறார். அந்த ஆட்டம்தான் இந்தத் தெரு ஆட்டம் என்கிறார்கள். ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரையில் முழுகி எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாம் செய்வதை அவர்கள் ஆடிக்கொண்டு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. புத்தர் கோயில் என்றதும் எல்லாரும் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். இது ஜோதோ ஷின்ஷூ என்கிற ஜப்பானியப் பௌத்த மரபு. அமிதா புத்தரைச் சரணடைகிறேன் என்று பொருள்படும் நாமத்தைச் சொல்வதுதான் முக்கியம், தியானத்துக்கு அழுத்தம் இல்லை. உள்ளே மாதா கோயில் மாதிரி நீள பெஞ்சுகள். இந்தக் கோயில்கள் சேர்ந்த அமெரிக்க அமைப்பின் பெயரிலேயே 'சர்ச்' இருக்கிறது.

அந்தப் பெயர் வந்த கதையைக் கேட்டபோதுதான் குப்பைத் தொட்டி விஷயம் எனக்குப் புரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் இவர்களின் முதல் குழு 1898இல் தொடங்கியது. அது கோயில் இல்லை, பௌத்த இளைஞர் சங்கம். ஜப்பானிலிருந்து இரண்டு குருமார்கள் தங்கிப் பணிசெய்ய வந்து சேர்ந்ததே அடுத்த ஆண்டு, 1899இல். இளைஞர் சங்கம் முதலில், குருக்கள் அப்புறம்! சான் ஹோசே கோயில் 1902இல். இப்போது இருக்கிற கட்டடம் 1937இல் எழுந்தது. ஐந்தே வருடத்தில், 1942இல், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரி நாடானதால், அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் அத்தனை பேரையும் மூட்டை முடிச்சோடு முகாம்களில் அடைத்தார்கள். ஏறக்குறைய 1,20,000 பேர். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அப்படி ஒரு முகாமில், யூட்டா பாலைவனத்து டோபாஸில், 1944இல்தான் அமைப்பின் பெயரை 'சர்ச்' என்று மாற்றினார்கள். போர் முடிந்து வீடு வாசல் இழந்து திரும்பியவர்களுக்குக் கோயில்களே தங்குமிடம் ஆயின.

முகாமில் பெற்றோர் அடைபட்டிருக்க, பிள்ளைகள் பலர் அமெரிக்க ராணுவத்தில் சண்டை போட்டார்கள். சிப்பாயின் கழுத்துத் தகட்டில் மதம் பொறிக்க அன்று மூன்று எழுத்துதான்: புராட்டஸ்டன்டுக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று, யூதருக்கு ஒன்று. பௌத்தனாகச் செத்தால் எழுத்தே இல்லை. நாற்பதுகளின் இறுதியில் 'பி' என்ற எழுத்துக்காக இயக்கம் நடத்தியது இந்த இளைஞர் சங்கங்கள்தான். அவர்களுக்கு யாரும் மேடை போட்டுக் கொடுக்கவில்லை.

இப்போது வருகிற பிள்ளைகள் நான்காம், ஐந்தாம் தலைமுறை. முக்கால்வாசிப் பேருக்கு ஜப்பானிய மொழி வராது, பலர் கலப்புக் குடும்பம். மொழி போனால் எல்லாம் போச்சு என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். (நானும்தான். இன்னும் அந்தப் பயம் எனக்கு விடவில்லை.) ஆனால் டிசம்பர் கடைசியில் மோச்சி என்கிற அரிசிப் பலகாரத்துக்கு மாவு இடிக்கிற அன்று அங்கே போய்ப் பார்க்க வேண்டும். பசையரிசியை முதல் நாளே ஊறவைத்து, மரச்சட்டங்களில் அடுக்கி ஆவியில் வேகவைத்து, உரலில் போட்டு இடிப்பார்கள். நிறையத் தேவைப்படுவதால் பாதிக்கு மேல் இயந்திரத்தில்தான். ஆனால் ஒரு உரலைப் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கிறார்கள். நம் உலக்கை மாதிரி நேராக இருக்காது, மரச் சம்மட்டி. ஒருவர் ஓங்கிப் போட, இன்னொருவர் இரண்டு அடிக்கு நடுவே ஈரக்கையை விட்டு மாவைப் புரட்டிவிட வேண்டும். தாளம் தப்பினால் கை போச்சு. அப்பத்தா உரலில் மாவு இடிக்கும்போது நான் தள்ளிவிட்டது ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது. என் மகன் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தான். எதிரே சம்மட்டியோடு எழுபது வயதுத் தாத்தா. இரண்டு பேரும் அதற்கு முன் பேசிக்கொண்டது கூட இல்லை.

மற்ற வேலைகளும் உண்டு. உணவு வங்கியில் மாதம் ஒரு முறை காய்கறி பிரித்துப் பை கட்டுவது, கோயில் கூடத்தில் முதியோருக்கான மதிய உணவு பரிமாறுவது, ஏப்ரலில் புத்தர் பிறந்தநாளுக்குப் பூப்பந்தல் கட்டுவது (குழந்தை புத்தர் சிலைக்கு இனிப்புத் தேநீர் ஊற்றி நீராட்டுவார்கள், அழகு). திருவிழாக் கடையில் பிள்ளைகள் சம்பாதித்த காசு அவர்கள் கையில்தான். பொருளாளருக்குப் பதினாறு வயது. எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று அவர்களே கூட்டம் போட்டுச் சண்டை போட்டு முடிவு செய்கிறார்கள். பெரியவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நம் சங்கத்தில் இதுதான் கஷ்டமான பகுதி என்று எனக்குத் தெரியும்.

கஜா புயலுக்கு நாம் திரட்டிய பணம் நினைவிருக்கிறதா? நல்ல காரியம்தான். ஆனால் நம் பிள்ளைகள் ஒருத்தருக்காவது தெரியுமா, ஊரில் எத்தனை தென்னை சாய்ந்தது, யார் வீட்டுக்கு ஓடு போட்டோம் என்று? நாமே பேசினோம், நாமே அனுப்பினோம், முடிந்தது.

அதனால் கலிபோர்னியாக் கூடலுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். இந்த வருடம் பாட்டும் நடனமும் அரை மணி நேரத்தோடு நிற்கட்டும். பரிமாறுவது, இலை எடுப்பது, வாசலில் காசு வாங்கிக் கணக்கு எழுதுவது மூன்றையும் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்கள் செய்யட்டும். வசூலில் பாதியை அவர்களிடம் விட்டுவிடுவோம். ஊர்ப் பள்ளிக்கு என்ன தேவை என்று தலைமை ஆசிரியரிடம் வீடியோ அழைப்பில் அவர்களே கேட்கட்டும். அரைகுறைத் தமிழில் கேட்டாலும் சரி. யாரும் நடுவில் புகுந்து திருத்தாதீர்கள், குறிப்பாக இவர்.

சித்தப்பா கோப்பைக்கு ஒதுக்கச் சொன்ன பணத்தில் நல்ல உரல் ஒன்று வாங்கலாம் என்று தோன்றுகிறது. இங்கே கல் உரல் விலை பயங்கரம். ஊரிலிருந்து கப்பலில் அனுப்ப வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பத்தாவின் உரல் கவிழ்ந்து கிடக்கிறது, கோழி அடைகாத்துக்கொண்டிருப்பதாகத் தம்பி சொன்னான்.

அன்புடன்,
கீழத்தெரு வாத்தியார் வீட்டுப் பெண்