நாகையில் ஒரு கருத்தரங்கும் ஒரு துண்டு வலையும்

அண்டை நாட்டு உறவும் அமைதியும் குறித்து நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு, காவிரி நீர்ப் பங்கீட்டைப் பற்றி விவசாயிகள் சார்பில் பத்து நிமிடம் பேசுவதற்காகத்தான் நான் போனேன். பேசி முடித்ததும் மன்னார்குடிக்குப் பேருந்து ஏறிவிட எண்ணியிருந்த என்னை மாலை வரை உட்கார வைத்தது மீனவர் அமர்வு.

அமர்வின் தொடக்கத்தில் பேராசிரியர் ஒருவர் இந்திய-இலங்கை உடன்பாடுகளின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் படித்துக் காட்டினார். கச்சத்தீவு இலங்கைக்குச் சென்ற 1974 உடன்பாட்டின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே அத்தீவுக்குப் போய்வரலாம், அதற்கு விசா வேண்டியதில்லை என்கிறது. ஆனால் 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று முடித்துவிட்டன. கச்சத்தீவைப் பற்றி எத்தனையோ மேடைப் பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். சிக்கலின் முடிச்சு அந்த 285 ஏக்கரைவிட இந்தக் கடிதங்களில்தான் இறுகியிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்து எழுந்தவர் யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர். காங்கேசன்துறையிலிருந்து 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய கப்பலில் வேளாங்கண்ணிக்கு வந்தவரை, ஏற்பாட்டாளர்கள் அழைத்து வந்திருந்தார்கள். அவர் உரை எதையும் எழுதிக் கொண்டுவரவில்லை. பையிலிருந்து முழ நீளத்தில் கிழிந்த வலைத் துண்டு ஒன்றை எடுத்து முன்வரிசையில் இருந்த மூதாட்டியிடம் கொடுத்தார். அக்கரைப்பேட்டையில் மீன் விற்கும் அந்த அம்மாள் கண்ணிகளை விரலால் விரித்து, முடிச்சுகளை நெருடிப் பார்த்துவிட்டு, “இது அறுந்தது இல்ல தம்பி, இழுத்துப் பிய்ச்சது” என்றார். “ஓம் அம்மா, உங்கட பக்கத்து இழுவைப்படகுதான்” என்றார் அவர்.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. தன் மகன் இலங்கைச் சிறையில் இருந்ததையும், பறிபோன விசைப்படகுக்கு வாங்கிய கடன் இன்னும் அடையாததையும் ஒரு பெண் அழுதபடியே சொன்னார். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்காமல் தலைகுனிந்து கேட்டிருந்த யாழ்ப்பாணத்தவர், பிறகு மெல்லச் சொன்னார்: இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் 61 நாட்களில்தான் அவர் ஊரார் அச்சமின்றி இரவில் வலை விடுகிறார்களாம். நம் வீடுகளில் வருமானம் நின்றுபோகும் காலம் எதிர்க்கரையில் நிம்மதியாகத் தூங்கும் காலம் என்பதை நான் அதுவரை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டப்படி தடை செய்துவிட்டது. அதற்கு முன்பே 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர்கள் எதிரெதிரே அமர்ந்து பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு தொடர்ந்து நடந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காவிரியில் நாங்கள் பட்டறிந்தது இது. 2003இல் தமிழக, கர்நாடக விவசாயிகள் ‘காவிரிக் குடும்பம்’ என்ற பெயரில் கூடி, ஒருவர் வயலை மற்றவர் நேரில் போய்ப் பார்த்தார்கள். தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தரவேண்டிய 177.25 டி.எம்.சி. என்ற அளவை 2018இல் உச்ச நீதிமன்றம்தான் தீர்மானித்தது என்பது உண்மையே. ஆனாலும் மேட்டூர் வறண்ட ஆண்டுகளில், கர்நாடகத்தின் மண்டியாவில் நாற்று காய்ந்து நிற்பதை நேரில் பார்த்து வந்தவர்கள் எங்கள் கூட்டங்களில் பேசும் தொனியே வேறாக இருந்தது.

தேநீர் இடைவேளையில் அந்த அம்மாள் வலைத் துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை; தம் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார். வரும் தடைக்காலத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போய் அவர்களைக் கரையிலேயே சந்திக்க ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள், அவர்களில் இருவர் பெண்கள். நானும் பெயர் கொடுத்துவிட்டு வந்து, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.